ஏழாம் கட்டிலில் ஒரு விநாடி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முதுகு வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை வழக்கம்போல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாளா?

போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீதான் முடிவு செய்தாய். நல்லதுதான். நான் திட்டினால் உன்னிடம் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் எனக்கே கோபம் போயிருக்கும்.

இன்றைய கோபம் மூன்று நாளில் போகாது. உன் கம்பெனி இயந்திரம் எங்கள் வார்டுக்கு வந்துவிட்டது. இருபது கட்டிலுக்கு இருபது. நாடியோ ரத்த அழுத்தமோ கொஞ்சம் ஏறினால் கத்துகிறது, இறங்கினால் கத்துகிறது, நோயாளி புரண்டு படுத்தால்கூடக் கத்துகிறது. நாங்கள் ஓடிப் போய் 'பார்த்துவிட்டேன்' என்று எழுதியிருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை ஓய்வதில்லை. நேற்று என் ஷிப்டில் எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டு தடவை. அதில் உண்மையாகவே ஆள் தேவைப்பட்டது நான்கு தடவை. எங்கள் நெட்டை நர்ஸ் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டாள். "அக்கா, பன்னெண்டாம் நம்பர் மாமியார் கூப்பிடுறா, போங்க" என்கிறாள். நாங்கள் ஆறு பேர் நாளெல்லாம் மாமியார்களுக்கு நடுவே ஓடுகிறோம்.

ஏழாம் கட்டிலில் ஒரு தையல்காரர் இருக்கிறார். ரத்த அழுத்தம் ஒரு நிலையில் நிற்காத கேஸ். சும்மா படுத்திருக்க மாட்டார், எங்கள் கோட்டில் அறுந்த பொத்தான்களை வாங்கித் தைத்துக் கொடுக்கிறார். "என் சம்சாரம்கூட என்னை இத்தனை தடவை விசாரிச்சதில்ல சிஸ்டர்" என்று இயந்திரத்தைக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சத்தத்தைக் குறைக்க ஒரு வழி சொல்.

காது அடைத்துப்போன,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் சொல்கிறாய், நீ மட்டும் செய்துகொள்ள மாட்டாய். அம்மாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். பதினான்கு மாத்திரை.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சத்தத்தை நாங்களாக ஆசைப்பட்டு வைக்கவில்லை. முதலில் செய்த இயந்திரம் பூனை மாதிரி மெல்லக் கூப்பிட்டது. யார் காதிலும் விழவில்லை என்று ஆஸ்பத்திரிகள் எழுதின, கூட்டினோம். கூட்டினால் வார்டில் ரேடியோவை அதற்கு மேல் கூட்டி வைத்தார்கள். இன்னும் கூட்டினோம். உங்கள் காதுகள் கேட்டு வாங்கிய சத்தம் இது.

இன்னொரு விஷயம். அலாரம் அடித்த நேரமும் நீங்கள் பொத்தானை அமுக்கிய நேரமும் எங்கள் ஆபீசுக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்பதுதான் எங்களுக்கு முக்கியம். சராசரி நாற்பது விநாடி. உன் வார்டு ஐம்பத்திரண்டு. கொஞ்சம் வேகமாக நட அக்கா, மானம் போகிறது. போகப் போகப் பழகிவிடும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நீ சொன்னது சரி. பழகிவிட்டது. இப்போது சத்தம் ஒரு தொந்தரவாகவே இல்லை. நோயாளிகள் மத்தியானம் கண்ணயர்கிறார்கள். கத்தும்போதெல்லாம் இயந்திரத்தில் சிவப்பு விளக்கும் எரிகிறது அல்லவா, நாங்கள் ஆறு பேரும் அதைக் கண்ணால் பார்த்து ஓடிவிடுகிறோம். காதைவிடக் கண் தேவலை.

வேறு விசேஷம் இல்லை. வீட்டில் துணி கிளிப் ஒன்றுகூட இல்லை. நேற்று என் புடவை பறந்து பக்கத்து மாடியில் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் அதைக் கழியில் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார், கொடி பிடித்த மாதிரி.

அக்கா


ஏப்ரல் 22

என் அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம், சுகத்துக்கும் மேலே! அம்மாவும் அப்படியே. மாத்திரையை இப்போது என் கண் எதிரே விழுங்க வைக்கிறேன்.

நாற்பது ஆஸ்பத்திரியில் எது முதலிடம் தெரியுமா? உன் வார்டு! ஒரு விநாடி, அக்கா! அலாரம் அடித்த மறு விநாடி பொத்தான் அமுங்குகிறது. போன வாரக் கூட்டத்தில் மேலாளர் உன் வார்டின் கணக்கைப் பெரிய திரையில் போட்டார். "பாருங்க, மெஷின் மனுஷனை மாத்திடுச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து "அது எங்க அக்கா வார்டு சார்" என்றேன். மறுபடியும் தட்டினார்கள்.

அடுத்த இயந்திரத்துக்கு என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் எனக்குக் கீழே. உன்னால்தான். எப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டேன், தொழில் ரகசியம் என்பாய்.

பெருமையுடன்,
தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நாற்பது நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? கால் வீங்குகிறதா என்று அமுக்கிப் பார்.

உன் பதவிக்குச் சந்தோஷம். போன மாதமே எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை.

உங்கள் ஆபீஸிலிருந்து எங்கள் கண்காணிப்பாளருக்கு அந்தக் கணக்கை அனுப்பியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார், டீ வரவழைத்தார். நான் குடித்து முடிப்பதற்குள், "ஒரு செகண்ட்ல போய் நிக்கிறீங்கன்னா உங்க வார்டுக்கு ஆறு பேர் ஜாஸ்தி சிஸ்டர். நாலு பேர் தாராளமாப் போதும்" என்றார். நெட்டையையும் இன்னொருத்தியையும் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நெட்டை போகும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். ஒரு விநாடி என்று வந்தால் நீங்கள் அப்படியே நம்பிவிடுவீர்களா? இவர்களுக்கு எப்படி முடிகிறது என்று யாரும் வந்து பார்க்க மாட்டீர்களா? இருபது கட்டிலுக்கு நாலு ஜோடிக் கண். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதுகூடத் தலையைத் திருப்பித் திருப்பி எங்கேயாவது சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா அவரை மாற்றச் சொல்கிறாள்.

நீ கேட்டதற்கு. வருவது வெறும் எண். அதை வைத்து எந்த ஆஸ்பத்திரி என்ன செய்கிறது என்பது எங்கள் கையில் இல்லை. உன் கண்காணிப்பாளரிடம் நீயே பேசிப் பார்க்கலாமே.

புது இயந்திரம் நன்றாக வந்துகொண்டிருக்கிறது. உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று மனது இல்லை. மன்னித்துக்கொள்.

போன வியாழக்கிழமை பகல் இரண்டு இருபதுக்குத் தையல்காரரின் ரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது. அவர் மனைவி கீழே டீ வாங்கப் போயிருந்தாள். எங்களில் இரண்டு பேர் பதினைந்தாம் கட்டிலில் ஒரு நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மருந்து எடுக்கப் போயிருந்தாள். நான் கட்டில்களுக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? உன் கம்பெனி அனுப்பிய படிவம். 'எங்கள் இயந்திரத்தால் உங்கள் பணி எந்த அளவு எளிதாகியுள்ளது?' மூன்று மணிக்குள் வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஆள் விட்டிருந்தார். மிகவும் எளிதாகியுள்ளது என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத் திரும்பினேன். ஏழாம் கட்டிலில் சிவப்பு. இரண்டு முப்பத்தொன்று.

பதினொரு நிமிடம், தம்பி. ஆள் பிழைத்துக்கொண்டார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

விசாரணை வைத்தார்கள். இயந்திரத்தின் பதிவைப் பார்த்தார்கள். 'இரண்டு இருபது, அலாரம். ஒரு விநாடியில் நர்ஸ் வந்து பார்த்தார்.' யார் மேலும் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, "உடனே வந்துட்டீங்களாமே சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆமாம் என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். பழகிவிட்டது என்று எழுதினேனே, பழகவில்லை. துணி உலர்த்தும் கிளிப்பைக் கொண்டுபோய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி மாட்டிவிட்டேன். இருபது கட்டிலுக்கும். பொத்தான் எப்போதும் அமுங்கியே இருக்கும். அலாரம் வாயைத் திறந்த உடனே நாங்கள் வந்துவிட்டதாக நினைத்து மூடிக்கொள்ளும். நோயாளியின் அளவு சரியாகும்வரை விளக்கு மட்டும் எரியும். அந்த ஒரு விநாடி நான் இல்லை, கிளிப். ஆறு பேர் இருந்தவரை விளக்கைப் பார்த்துச் சமாளித்தோம். நீங்கள் சத்தம் போட்டீர்கள், நாங்கள் கிளிப் போட்டோம். கிளிப்பால் எண் வந்தது, எண்ணால் ஆள் போயிற்று. இதில் எந்த இடத்தில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

நான் உண்மையை எழுதிக் கொடுத்தால் உன் திரையும் கைதட்டலும் என்ன ஆகும் என்று தெரியும். கொடுக்காவிட்டால் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் ஆளைக் குறைப்பார்கள். உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் கால் வீக்கம் குறையவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆள் வந்து சரி செய்தான். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டோம், அம்மா தேர்ந்தெடுத்த நீலம்.

புது இயந்திரம் போன வாரம் நான்கு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. இங்கே எங்கள் பேட்டை ஆஸ்பத்திரிக்கும்.

நீ எழுதியதைப் படித்தேன். அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. அதைப் பற்றி இனிக் கடிதத்தில் வேண்டாம். காகிதம் நாளைக்கு யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது.

தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

குழாய் சரியானதில் மகிழ்ச்சி.

தையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். முன்னறையில் தையல் மெஷினை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறார்கள். இடது கையால் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். ஊசியை மெஷினின் மூடியில் நட்டு வைத்து, நூலை நாக்கில் நனைத்து, குனிந்து குனிந்து. நான் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட நுழையவில்லை. நான் வாங்கிக் கோர்த்துக் கொடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

அவர் மனைவியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். பதினொரு நிமிடம் என்று. கிளிப்பைக் காட்டினேன். அவள் கத்தவில்லை. "அப்போ நான் டீ வாங்கப் போகாம இருந்திருக்கணும்" என்றாள். அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை.

திங்கட்கிழமை கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். மறுபடி விசாரணை. அது முடியும்வரை வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது, ஊரை விட்டும் போகக் கூடாது. மருந்துக் கிடங்கில் பஞ்சு உருண்டைகளை எண்ணுகிறேன்.

இத்துடன் ஏழாம் கட்டிலின் கிளிப்பை வைத்திருக்கிறேன். உன் பெரிய திரையில் போடு.

அம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டு. மூச்சு வாங்குவது காலோடு சேர்ந்த விஷயம்.

அக்கா


செப்டம்பர் 2
ஆஸ்பத்திரி, அம்மாவின் கட்டிலருகே

அக்கா,

அம்மாவைச் சேர்த்ததைப் போனில் சொன்னேன். இதயம் பலவீனமாம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மருந்தில் வடிகிறது, பயப்படாதே. விசாரணை முடிந்ததும் வருகிறேன் என்றாய். போனில் அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. இதைப் பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். எழுந்து போக முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே இருப்பது என் புது இயந்திரம். இதில் 'அமைதி' என்று ஒரு பொத்தான் உண்டு. நர்ஸ் தன் மேசையில் அதை அமுக்கினால் வார்டில் இரண்டு மணி நேரம் சத்தம் வராது, விளக்கு மட்டும் எரியும். எந்த அலாரம் வந்தாலும் கணக்கில் உடனே 'பார்த்தாயிற்று' என்று விழும். நோயாளியின் ஆட்கள் தொட்டுக் கெடுக்காமல் இருக்க, கட்டிலில் அதை மாற்ற முடியாதபடி வைத்தோம். அதுவும் என் யோசனைதான். இன்று மத்தியானம் நர்ஸ் அதை அமுக்கிவிட்டு வந்து அம்மாவின் போர்வையைச் சரி செய்தாள். நல்ல பெண். "யாரோ புண்ணியவான் கண்டுபிடிச்சிருக்கான் சார், இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அக்கா, ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். உன் வார்டில் ஒரு நாள் ஆறு கட்டிலில் ஒரே நேரத்தில் அலாரம் அடித்தது. ஆறுக்கும் ஒரு விநாடி. ஆறு கை உள்ள நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறாள்? வயர் பார்க்கிற சாக்கில் ஒருவனை அனுப்பினேன். அவன் படம் எடுத்து வந்தான். பச்சைப் பொத்தானில் கிளிப். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுந்து நின்று எங்க அக்கா வார்டு என்றேன்.

உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அமைதிப் பொத்தானை வரைந்தேன். உன் கிளிப்பைத்தான் அக்கா பிளாஸ்டிக்கில் வார்த்து உள்ளே வைத்தேன். படத்தின் ஓரத்தில் ஊசி பிடித்த ஒரு கை தெரிந்தது. வேலைக்கு வேண்டாத பகுதி என்று அந்தக் கையை நீக்கிவிட்டு மீதியை ஃபைலில் வைத்தேன்.

இந்த வார்டில் போன மாதம்வரை ஏழு நர்ஸ். நான் எண்ணினேன், இப்போது நாலு. மூன்று நாளாக அம்மாவின் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழிவறைக்குப் போனாலும் ஓடி வருகிறேன். அம்மா என்னை முறைக்கிறாள், "என்னடா, என்னைப் பாக்காம செவுத்தைப் பாக்குற" என்கிறாள்.

மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். அந்த ஒரு விநாடி பொய் என்று, அமைதியை அமுக்கினால் பார்த்தாயிற்று என்று எண்ணக் கூடாது என்று, அதைக் காட்டி ஆளைக் குறைத்த எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாக வேண்டும் என்று. கிளிப்பும் அதே உறையில். தபாலில் அனுப்பினால் மேசையில் தூங்கிவிடும், நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் நான் எழுந்து போனால் இந்த விளக்கைப் பார்க்க ஆளில்லை.

சீக்கிரம் வா.

தம்பி


செப்டம்பர் 6, பகல் மூன்றரை
உன் எதிர் நாற்காலி

தம்பி,

நான் வந்து இருபது நிமிடம் ஆகிறது. நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். எழுப்பினால் பேசுவோம், பேசினால் சண்டை வரும், சண்டை போட்டுக்கொண்டே நீ போகாமல் இருந்துவிடுவாய். அதனால் எழுதி உன் சட்டைப் பையில் வைக்கிறேன்.

விசாரணை முடிந்தது. எனக்கு ஆறு மாதம் வேலை இல்லை. நெட்டையையும் மற்றவளையும் வார்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அது போதும். தையல்காரர் வீட்டில் இனி என்னை உள்ளே விடுவதில்லை. அதுவும் சரிதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சாவகாசமாகத் திட்டுகிறேன், ஆறு மாதம் இருக்கிறதே.

நான் உள்ளே நுழைந்தபோது அம்மாவின் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. நீ அதற்கு நேர் எதிரே தூங்கிக்கொண்டிருந்தாய். விரலில் மாட்டியிருந்த நாடிக் கருவி கழன்றிருந்தது, அவ்வளவுதான், மாட்டிவிட்டேன். எத்தனை நேரமாக எரிந்ததோ தெரியாது. உன் கணக்கில் ஒரு விநாடி என்றுதான் இருக்கும்.

எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொள். உறையை மறக்காதே, நாற்காலிக்குக் கீழே விழுந்திருந்தது, எடுத்து உன் மடியில் வைத்திருக்கிறேன். ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும். விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போ.

அக்கா